ஆழ்கடல் பவளத்துக்கும் ஒரு சீல்டு சாம்பிள் இருக்கு

திருப்பூர் பக்கத்துப் பசங்களுக்கு ‘சீல்டு சாம்பிள்’ என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவர்களுக்காக மட்டும் ஒரு சின்ன விளக்கம். ஒரு டி-சர்ட் ஆர்டர் வந்ததும் கம்பெனி உடனே பத்தாயிரம் பீஸ் தைக்க ஆரம்பிக்காது. முதலில் சாம்பிள் போகும். அளவு, துணி, ஷேட், தையல் எல்லாம் பார்த்து பையர் ஓகே சொன்னதும், அந்த ஒரு பீஸில் டேக் கட்டி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுப்பார்கள். அதற்கப்புறம் புரொடக்‌ஷனில் என்ன சண்டை வந்தாலும் தீர்ப்பு சொல்வது அந்த ஒரு பீஸ்தான். “காலர் இப்படித்தான் இருக்கணும்னு யார் சொன்னா?” என்று கேட்டால், பீரோவைத் திறந்து அதை எடுத்து டேபிள் மேல் வைப்பார்கள். பேச்சு முடிந்தது.

இதே சிஸ்டம் உலகத்தில் இன்னொரு இடத்திலும் இருக்கிறது, 250 வருஷத்துக்கு மேல் வளர்ந்து வந்த சிஸ்டம். ஒரு புது உயிரினத்துக்குப் பேர் வைக்கிற வேலைதான் அது. அதிலும் கொஞ்சம் கஷ்டமான ஒரு கேஸை இந்தக் கட்டுரைக்கு எடுத்திருக்கிறேன். ஆயிரம், ரெண்டாயிரம் மீட்டர் ஆழத்தில், சூரிய வெளிச்சமே போகாத இடத்தில் வாழும் பவளம். அதில் ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கண்டுபிடித்த அன்றைக்கே பேர் வைத்துவிட முடியுமா? இதில் நமக்கு என்ன வேலை?

வெளிச்சம் இல்லாத இடத்துல பவளமா?

பவளம் என்றதும் நமக்கு ரெண்டு ஞாபகம் வரும். ஒன்று, ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கண்ணாடிப் படகில் போய்ப் பார்க்கிற பவளப்பாறை. இன்னொன்று, மோதிரத்தில் பதிக்கிற சிவப்புப் பவளம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பவளம் கல்லும் கிடையாது, செடியும் கிடையாது. அது விலங்கு. பாலிப் என்று சொல்கிற சின்னச் சின்னக் குழாய் மாதிரி உடம்பு, மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி விரல் மாதிரி உணர்கொம்புகள். அவ்வளவுதான் உடம்பு. பல பவளங்கள் அடியில் சுண்ணாம்பால் தனக்கென்று ஒரு எலும்புக்கூட்டைக் கட்டிக்கொள்ளும். நாம் கையில் எடுத்துப் பார்ப்பது அந்த எலும்புக்கூட்டைத்தான்.

மன்னார் வளைகுடா மாதிரி ஆழம் குறைந்த கடலில் இருக்கும் பாறைப் பவளங்கள் உடம்புக்குள் நுண்பாசிகளை வளர்க்கின்றன. பாசி வெளிச்சத்தை வைத்துச் சாப்பாடு செய்யும், பவளம் அதில் பங்கு வாங்கிக்கொள்ளும். அதனால் அவற்றுக்கு வெயில் வேண்டும், ஆழமில்லாத தெளிந்த தண்ணீர் வேண்டும்.

ஆழ்கடல் பவளத்திடம் இந்த ஏற்பாடு இல்லை. கடலில் சுமார் 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மங்கிவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே சூரியன் என்ற விஷயமே கிடையாது. அங்கே பவளம் உணர்கொம்பை விரித்து வைத்து, நீரோட்டத்தில் வருகிற சின்ன உயிர்களையும் மேலே இருந்து தூசி மாதிரி விழுகிற கழிவுகளையும் பிடித்துச் சாப்பிடும். குளிர், இருட்டு, அழுத்தம் எல்லாம் இருந்தும் அது வாழ்கிறது. இன்னொரு ஆச்சரியம், பேர் வைக்கப்பட்ட பவள இனங்களில் பாதிக்கு மேல் 50 மீட்டருக்குக் கீழேதான் வாழ்கின்றன. நாம் டிவியில் பார்க்கிற கலர்ஃபுல் பாறைகள்தான் சிறுபான்மை.

வயசு விஷயத்திலும் இவை வேற லெவல். ஹவாய் பக்கத்து ஆழ்கடலில் எடுத்த லியோபாத்தஸ் என்கிற கருப்புப் பவளத்தின் வயது சுமார் 4,265 வருஷம் என்று கதிரியக்கக் கார்பன் முறையில் கணக்கிட்டு 2009-ல் வெளியிட்டார்கள். நம் நொய்யல் கரையில் கொடுமணலில் மணிகளுக்குப் பட்டை தீட்டிய காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முன்னாடியே அது முளைத்துவிட்டது. தடிமன் வருஷத்துக்கு 5 மைக்ரானுக்கும் குறைவாகத்தான் கூடுகிறது. அதாவது ஒரு மில்லிமீட்டர் தடிக்க 200 வருஷத்துக்கு மேல் ஆகும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கேபிளில் ஒட்டிக்கிட்டு வந்த சாட்சி

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆழ்கடலில் உயிரே கிடையாது என்று பல விஞ்ஞானிகள் நம்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் ஏஜியன் கடலில் வலை போட்டுப் பார்த்துவிட்டு, சுமார் 300 ஃபேதம், அதாவது ஏறக்குறைய 550 மீட்டருக்குக் கீழே உயிர் இருக்காது என்று கருதினார்.

இந்த நம்பிக்கையை ஆட்டி வைத்ததில் ஒரு எஞ்சினியருக்குப் பங்கு உண்டு. பேர் ஃப்ளீமிங் ஜென்கின். மத்தியதரைக் கடலில் சார்டினியா தீவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் நடுவே போட்டிருந்த தந்திக் கேபிள் பழுதாகிவிட்டது. 1860-ல் அதை மேலே இழுக்கும் வேலையை அவர் செய்தார். ஆழத்திலிருந்து வந்த கேபிள் மேல் உயிரினங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று காரியோஃபிலியா வகைப் பவளம். வலையில் வந்திருந்தால் ‘நடுவழியில் மாட்டியிருக்கும்’ என்று தட்டிவிடலாம். கேபிள் மேலேயே வளர்ந்து ஒட்டியிருக்கும் பவளத்தை அப்படித் தட்டிவிட முடியாது. பின்னாளில் அதே ஜென்கின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் பேராசிரியர் ஆனார். பவளத்தைத் தேடிப் போனவர் இல்லை, ஃபால்ட் பார்க்கப் போனவர்!

அதற்கப்புறம் 1872 முதல் 1876 வரை பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி வந்து, ஆழ்கடல் உயிர்கள் நிறைய இருக்கின்றன என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டியது.

நம்ம கடல்ல நடந்த கதை

இந்தியாவில் இந்த வேலையை ஆரம்பித்து வைத்தது இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பல். 1881-ல் பம்பாய் கப்பல் கட்டும் தளத்தில் மரத்தால் கட்டிய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல். அதன் மெயின் வேலை கடல் சர்வே, அதாவது கப்பல்கள் பத்திரமாகப் போக வரைபடம் தயாரிப்பது. நடுவில் நேரம் கிடைக்கும்போது ஆழத்தில் வலை போட்டு உயிரினங்களைச் சேகரிப்பார்கள். இதற்காகவே கப்பலில் ஒரு டாக்டர் இருப்பார். ‘சர்ஜன் நேச்சுரலிஸ்ட்’ என்று பதவி. நோயாளியையும் பார்க்கணும், நண்டையும் பார்க்கணும்.

அந்தப் பதவியில் 1888 முதல் 1892 வரை இருந்தவர் ஆல்ஃப்ரட் வில்லியம் ஆல்காக். அப்புறம் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். வங்காள விரிகுடா, அரபிக்கடல், அந்தமான் கடலில் இருந்து வந்த ஆழ்கடல் பவளங்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, 1898-ல் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். அதில் அவர் பேர் வைத்த காரியோஃபிலியா அம்ப்ரோசியா இன்றைக்கும் அதே பேரோடு செல்லுபடியாகிறது. பேர் வைத்து 125 வருஷம் தாண்டிவிட்டது. கேபிளில் ஒட்டிவந்ததே அந்த காரியோஃபிலியா, அதன் சொந்தக்காரப் பவளம்தான்.

ஆக, “நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க நடக்குது” என்று கேட்க வேண்டாம். நடந்திருக்கிறது, நடக்கிறது. கல்கத்தாவில் சேர்ந்த அந்தச் சேகரிப்புகளை வைத்துத்தான் 1916-ல் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் ஆரம்பமானது.

மேல கொண்டு வர்றதே ஒரு ப்ராஜெக்ட்

ஆல்காக் காலத்தில் வலையை இறக்கி, தரையோடு தேய்த்து இழுத்து, மேலே வருவதைப் பொறுக்குவார்கள். பாதி உடைந்து வரும். எந்த இடத்தில், எப்படி நின்றுகொண்டிருந்தது என்று தெரியாது. இப்போது ரிமோட்டில் ஓட்டுகிற நீர்மூழ்கி ரோபோ போகிறது. கேமராவில் பவளம் நிற்கிற நிலையைப் படம் எடுத்துவிட்டு, ரோபோ கையால் ஒரு கிளையை மட்டும் கிள்ளி, மூடி போட்ட பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும்.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இந்த மாதிரி ஒரு ரோபோவை உருவாக்கியது. பேர் ரோசப் 6000. 2010-ல் அது மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் வரை போனது. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தம் கூடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது அதே நிறுவனம் மூன்று பேர் உட்கார்ந்து 6,000 மீட்டர் போகக்கூடிய மத்ஸ்யா 6000 என்ற வாகனத்தைச் செய்துகொண்டிருக்கிறது. ஆள் உட்காரும் இடம் 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் உருண்டை. நம்ம ஹாஸ்டல் ரூமில் மூன்று பேர் இருப்பது இதற்குப் பக்கத்தில் சொகுசு.

மேலே வந்த மாதிரியை உடனே பிரிக்க வேண்டும். ஒரு துண்டு டி.என்.ஏ.வுக்காக அடர்த்தியான எத்தனாலில் போகும். ஃபார்மலினில் போட்டால் வடிவம் நன்றாக நிற்கும், ஆனால் டி.என்.ஏ. கெட்டுவிடும். அதனால் எது எதில் போகணும் என்று கப்பலிலேயே முடிவு பண்ணியாக வேண்டும். கூடவே இடம், ஆழம், தேதி, தண்ணீர் வெப்பநிலை எல்லாம் எழுதிய லேபிள். லேபிள் இல்லாத மாதிரி, லாட் நம்பர் இல்லாத துணி ரோல் மாதிரி. எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதற்கும் ஆகாது.

இது நிஜமாவே புதுசுதானா?

இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக் எல்லாமே ‘பனியன் துணி’தான். கையில் வாங்கி இழுத்துப் பார்த்து, லென்ஸ் வைத்து லூப்பை எண்ணி, கட்டரில் வெட்டி ஜி.எஸ்.எம். போட்டுப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். பவளத்திலும் அதே கதை. எண்ணணும்.

கல் பவளமாக இருந்தால், பாலிப் உட்கார்ந்த கிண்ணத்துக்குள்ளே நடுவை நோக்கி நிற்கும் சுண்ணாம்புத் தகடுகளை எண்ணுவார்கள். இதற்கு செப்டா என்று பேர். பெரும்பாலும் ஆறின் கணக்கில் வரும். முதலில் ஆறு, அதற்கு நடுவில் இன்னொரு ஆறு, அதற்கு நடுவில் 12, அப்புறம் 24 என்று சுற்றுச் சுற்றாக. எந்தச் சுற்று உயரம், எது குட்டை, ஓரம் வழவழப்பா பல்பல்லாக இருக்கிறதா, நடுவில் தூண் மாதிரி எதுவும் இருக்கிறதா, கிண்ணத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று பட்டியல் நீளும்.

விசிறி மாதிரி, சாட்டை மாதிரி வளைகிற பவளமாக இருந்தால் கணக்கு எட்டு. அந்தக் கூட்டத்தில் பாலிப்புக்கு எட்டு உணர்கொம்பு, ஒவ்வொன்றும் இறகு மாதிரி ஓரம் பிரிந்திருக்கும். மோதிரத்துச் சிவப்புப் பவளமும் இந்த எட்டுக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். மத்தியதரைக் கடலில் வளரும் கொராலியம் ரூப்ரம். இந்தக் கூட்டத்தில் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துண்டுகள் இருக்கும், ஸ்கிளரைட் என்பார்கள். ஊசி, தட்டு, முள் வைத்த குச்சி, டம்பெல் என்று விதவிதமான வடிவம். இனத்தைப் பிரித்துச் சொல்ல இவை மிக முக்கியம்.

அவற்றை எப்படி வெளியே எடுப்பது? ப்ளீச்! சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு சின்னத் துண்டைப் போட்டால் சதை கரைந்து ஸ்கிளரைட் மட்டும் அடியில் தங்கும். பல தடவை தண்ணீரில் அலசி, காயவைத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுப்பார்கள். கோரா துணியைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு ப்ளீச்சிங், வாஷிங், டிரையிங் எல்லாம் புதுசா என்ன?

“இவ்வளவு எதுக்கு, டி.என்.ஏ. பாத்தா போதாதா?” என்று பயோடெக் பசங்க கேட்பார்கள். நியாயமான கேள்வி. மீன், பூச்சி மாதிரி நிறைய விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு ஜீனைப் படித்தாலே இனம் பிரிந்துவிடும். ஆனால் பவளக் குடும்பத்தில் மைட்டோகாண்ட்ரியா ஜீன்கள் ரொம்ப மெதுவாக மாறுகின்றன. அதனால் ரெண்டு வேற இனத்துக்கு அந்த ஜீன் ஒரே மாதிரி இருக்க வாய்ப்பு உண்டு. பார்கோடு ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் பீஸ் வேற. ஆகவே நிறைய ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கணும், கூடவே வடிவத்தையும் பார்க்கணும். ரெண்டும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் தைரியமாகப் புதுசு என்று சொல்ல முடியும்.

இன்னொரு சிக்கல், பவளம் இடத்துக்குத் தகுந்த மாதிரி வளரும். நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் ஒரு வடிவம், அமைதியான இடத்தில் வேற வடிவம். ஒரே நூல்தான், கேஜ் மாறினால் துணி மாறுகிற மாதிரி. ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு “இது வேற” என்று குதித்தால், அது பழைய இனத்தின் வேறு ஊர் வடிவமாக இருந்து தொலைக்கும். அதனால் முடிந்தவரை நிறைய மாதிரிகளை ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட எங்கே போகணும்? பழைய சீல்டு சாம்பிள் இருக்கிற பீரோவுக்கு.

ஹோலோடைப் என்ற சீல்டு சாம்பிள்

விலங்குகளுக்குப் பேர் வைக்க சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது அதன் நான்காவது பதிப்பு, 2000 ஜனவரி 1 முதல். அதன்படி புது இனம் அறிவிக்கிறவர், சேகரித்த மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘இதுதான் ஹோலோடைப்’ என்று அறிவிக்கணும், அது எந்த அருங்காட்சியகத்தில் எங்கே இருக்கிறது என்றும் சொல்லணும். ஆராய்ச்சிக் கட்டுரையில் இருக்கும் விளக்கம் டெக் பேக் மாதிரி. அளவு, படம், வித்தியாசம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆனால் பேர் கட்டப்பட்டிருப்பது அந்த ஒரு பீஸில்தான். கூட இருக்கும் மற்ற மாதிரிகளைப் பாராடைப் என்பார்கள், கவுண்டர் சாம்பிள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எதற்கு இந்தக் கெடுபிடி? எழுத்தில் இருப்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது. 1898-ல் எழுதியவருக்கு ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கிடையாது, டி.என்.ஏ. கிடையாது. அவர் எழுதாமல் விட்ட ஒரு அடையாளம் இன்றைக்கு முக்கியமாகத் தேவைப்படலாம். அப்போது கட்டுரையைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பயனில்லை. அந்த மாதிரியை வெளியே எடுத்துப் பார்க்கணும்.

அப்படியென்றால் பீரோவே எரிந்து போனால்? நடந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 2-ஆம் தேதி பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் தேசிய அருங்காட்சியகம் தீப்பிடித்து எரிந்தது. பூச்சிகள் உட்பட ஏராளமான மாதிரிகள் ஒரே ராத்திரியில் சாம்பல். இப்படி ஆனால், உண்மையிலேயே குழப்பம் தீர்க்கத் தேவை இருந்தால் மட்டும் நியோடைப் என்று ஒரு மாற்று மாதிரியை நியமிக்க விதி அனுமதிக்கிறது. ஆனாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தான்.

பேர் வைக்கிறதுக்கும் ரூல்ஸ்

பேருக்கு ரெண்டு பாகம். முதல் பாகம் பேரினம், ரெண்டாவது அந்த இனத்துக்கு மட்டும். பேர் லத்தீன் எழுத்துகளில் இருக்கணும். வேர்ச்சொல் எந்த மொழியாகவும் இருக்கலாம். 2023-ல் கடலூர்க் கடற்கரையில் கிடைத்த ஒரு விலாங்குக்கு ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ் என்று பேர் வைத்தார்கள். ‘யென்சிஸ்’ என்றால் அந்த ஊரைச் சேர்ந்தது என்று அர்த்தம். விளக்கம் எந்த மொழியில் இருக்கணும் என்றும் கட்டாயம் இல்லை. உலகம் முழுக்கப் படிக்கிற மொழியில் எழுதுங்கள் என்று பரிந்துரை மட்டும்தான். சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாலியான பேரும் வைக்கலாம். நீளமான, ரோமம் மாதிரித் தொங்கும் கிளைகள் கொண்ட ஒரு ஆழ்கடல் பவளத்துக்கு 2025-ல் இரிடோகோர்ஜியா செவ்பாக்கா என்று பேர் வைத்தார்கள். ஆமாம், ஸ்டார் வார்ஸ் செவ்பாக்காதான்.

முக்கியமான ரூல், முந்தியவனுக்கே உரிமை. ஒரே இனத்துக்கு ரெண்டு பேர் தெரியாமல் ரெண்டு பேர் வைத்துவிட்டால் பழைய பேர்தான் நிற்கும். ஆல்காக்குக்கும் இது நடந்தது. 1898-ல் அவர் சோலனோஸ்மீலியா ஜெஃப்ரேயி என்று ஒன்றுக்குப் பேர் வைத்தார். பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அது 1873-ல் டங்கன் பேர் வைத்த சோலனோஸ்மீலியா வேரியாபிலிஸ்தான் என்று முடிவு செய்தார்கள். ஆல்காக் வைத்த பேர் இணைப்பெயராகப் பட்டியலில் ஓரமாக உட்கார்ந்துவிட்டது. ‘வேரியாபிலிஸ்’ என்றால் மாறக்கூடியது என்று அர்த்தம். வடிவம் மாறி மாறி வளர்ந்து ஆளை ஏமாற்றும் என்று பேரிலேயே எழுதியிருக்கிறது!

இன்னொரு சின்ன டீட்டெய்ல். ஃபங்கியாசையாத்தஸ் ஸ்டெஃபானஸ் (ஆல்காக், 1893) என்று எழுதும்போது அவர் பேர் அடைப்புக்குறிக்குள் வரும். காரியோஃபிலியா அம்ப்ரோசியா ஆல்காக், 1898 என்று எழுதும்போது அடைப்புக்குறி வராது. காரணம், முதலாவதை அவர் பாத்தியாக்டிஸ் என்ற வேறு பேரினத்தில் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் இடம் மாற்றினார்கள். ஒரு அடைப்புக்குறிக்குள்ளே இவ்வளவு வரலாறு. வடக்கு அட்லாண்டிக்கில் பெரிய பெரிய பாறைகள் கட்டும் பிரபலமான லோஃபீலியா பெர்டூசாவே 2016-ல் டெஸ்மோஃபில்லம் என்ற பேரினத்துக்கு மாறிவிட்டது. பேர் வைப்பதோடு வேலை முடிந்தது என்று யாரும் நினைக்க முடியாது.

நியூஸ்ல வர்ற ‘புதுசு’ எல்லாம் புது இனமா?

இது நாம் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் பண்ணும்போது அடிக்கடி குழம்பும் இடம். 2021-ல் அந்தமான் நிகோபார் கடலில் நான்கு பவள இனங்களை இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தார் முதல்முறையாகப் பதிவு செய்தார்கள். எல்லாம் ட்ரங்கேட்டோஃப்ளாபெல்லம் என்ற பேரினம், நுண்பாசி இல்லாமல் வாழ்பவை, கூட்டமாக இல்லாமல் தனித்தனியாக இருப்பவை. இவை உலகத்துக்குப் புதுசு கிடையாது. வேறு கடல்களில் ஏற்கெனவே பேர் வாங்கியவை, இந்தியக் கடலில் இருக்கின்றன என்பதுதான் புதுசு. இதைப் புதிய பதிவு என்பார்கள். புது இனம் என்றால் உலகத்தில் எந்தப் பீரோவிலும் அதற்கு சீல்டு சாம்பிள் இல்லை என்று அர்த்தம். ரெண்டுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் ரெண்டும் ஒன்று கிடையாது. அடுத்த தடவை செய்தி படிக்கும்போது ஹோலோடைப் பற்றி ஏதாவது பேச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.

21 வருஷம்

இப்போது மனசை உறுத்தும் கணக்குக்கு வருவோம். ஒரு உயிரினம் முதலில் சேகரிக்கப்பட்டதற்கும் அதற்குப் பேர் வைக்கப்பட்டதற்கும் நடுவே சராசரியாக எத்தனை வருஷம் ஆகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2012-ல் வெளியிட்டார்கள். விடை 21 வருஷம். நம்ம வயசு. நாம் பிறந்து, ஸ்கூல் முடித்து, செமஸ்டர் செமஸ்டராக அரியர் க்ளியர் பண்ணி ஃபைனல் இயர் வரும் வரைக்கும் ஒரு மாதிரி பாட்டிலுக்குள்ளேயே பேரில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. செவ்பாக்கா பவளத்தை ஹவாயின் மொலோகாய் பக்கத்தில் முதலில் பார்த்தது 2006-ல். பேர் வந்தது 2025-ல்.

காரணம் சோம்பேறித்தனம் கிடையாது. செப்டா எண்ணவும் ஸ்கிளரைட்டைப் பிரித்துச் சொல்லவும் தெரிந்தவர்கள் உலகத்திலேயே குறைவு. ஒப்பிட வேண்டிய ஹோலோடைப் ஒன்று கல்கத்தாவில், ஒன்று லண்டனில், ஒன்று வாஷிங்டனில் இருக்கும். 150 வருஷத்துப் பழைய கட்டுரையைத் தேடிப் படிக்கணும். ஒவ்வொன்றும் நேரம்.

மெதுவாகவே நடக்கட்டுமே, என்ன அவசரம்? அவசரம் ரெண்டு பக்கத்திலிருந்து வருகிறது.

முதலாவது, கடலடி உலோகம். மத்திய இந்தியப் பெருங்கடலில் சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில் உருளைக்கிழங்கு மாதிரி உலோக உருண்டைகள் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், தாமிரம் எல்லாம் அதில் உண்டு. 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அவற்றை ஆய்வு செய்ய இந்தியா 2002-ல் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2021-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த 4,077 கோடி ரூபாய் ஆழ்கடல் திட்டத்தில் இந்த உலோகமும் இருக்கிறது, மத்ஸ்யாவும் இருக்கிறது, ஆழ்கடல் உயிரினங்களைப் பற்றிய ஆய்வும் இருக்கிறது. பேட்டரிக்கு கோபால்ட் வேண்டும், நானும் ஈ.வி. வாங்க ஆசைப்படுகிறவன்தான். ஆனால் பசிபிக்கில் இதே மாதிரி உருண்டைகள் கிடக்கும் க்ளாரியன் க்ளிப்பர்டன் பகுதியைப் பற்றி 2023-ல் வந்த கணக்கைப் பாருங்கள். அங்கே வாழும் இனங்களில் சுமார் 90 சதவீதத்துக்கு இன்னும் பேரே இல்லை. தோண்டினால் எது போகும் என்று கேட்டால், பட்டியலே இல்லை என்பதுதான் பதில்.

இந்தியாவில் கல் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. நல்ல விஷயம். ஆனால் ஒரு இடத்தில் ஒரு இனம் எத்தனை இருக்கிறது, குறைகிறதா, வேறு எங்கேயும் இருக்கிறதா என்று கேட்கணும் என்றால் முதலில் அதற்கு ஒரு பேர் வேண்டும். பேரில்லாத ஒன்றைக் காணவில்லை என்று யாரும் கம்ப்ளெயின்ட் கொடுக்க முடியாது.

ரெண்டாவது, நம்ம ஊர் சம்பந்தப்பட்டது. 2016-ல் வெளியான ஒரு ஆய்வு, தென்மேற்கு இந்தியப் பெருங்கடலிலும் அட்லாண்டிக்கின் நடுவிலும் 300 முதல் 1,800 மீட்டர் வரையான ஆழத்தில் எடுத்த உயிரினங்களைப் பரிசோதித்தது. சிலவற்றின் உடம்பில் நுண்ணிழைகள் இருந்தன. பாலியஸ்டர், அக்ரிலிக், விஸ்கோஸ். அதாவது துணி நூல். பரிசோதித்ததில் பவளத்தின் நெருங்கிய சொந்தங்களும் உண்டு. அந்த இழை எந்த நாட்டில் நெய்தது, யார் வீட்டு வாஷிங் மெஷினில் இருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயம் உறுதி. நாம் போய்ப் பார்ப்பதற்கு முன்பே, பேர் வைப்பதற்கு முன்பே, நாம் போடும் டிரெஸ் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. காட்டனில் இருந்து பாலியஸ்டர் பக்கமும் கால் வைத்துக்கொண்டிருக்கும் திருப்பூருக்கு, இழை உதிராத துணி, இழையைப் பிடிக்கும் ஃபில்டர் எல்லாம் நல்ல ப்ராஜெக்ட் டாப்பிக். டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் கவனிக்கவும்.

இங்கே அந்த 4,265 வருஷத்துப் பவளத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 200 வருஷம். அதை ஒரு இழுவலை ஒரு நிமிஷத்தில் உடைத்துவிடும். உடைந்ததை ரீ-ஆர்டர் போட முடியாது.

நமக்கு இதுல என்ன வேலை?

“நான் மெக்கானிக்கல், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ், எனக்கு எதுக்கு செப்டா?” என்று கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லி முடிக்கிறேன். ரோபோ கை ஒரு கிளையை நசுக்காமல் கிள்ளணும், அது கன்ட்ரோல் பிரச்சினை. ஒரு பயணத்தில் மணிக்கணக்காக வருகிற வீடியோவில் பவளம் எங்கே எங்கே இருக்கிறது என்று தேடணும், அது இமேஜ் ப்ராசஸிங். ஸ்கிளரைட் வடிவத்தை அளந்து வகை பிரிப்பது மெஷின் லேர்னிங்குக்கு நல்ல கேள்வி. பல ஊர் அருங்காட்சியகங்களில் இருக்கும் ஹோலோடைப்பை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து எல்லாருக்கும் திறந்து வைப்பது இன்னொன்று. 21 வருஷத்தைப் பத்து வருஷமாகக் குறைக்க இதெல்லாம் உதவும்.

உதவும் என்று மட்டும்தான் சொல்கிறேன். கடைசியில் ஒருத்தர் உட்கார்ந்து எண்ணி, ஒப்பிட்டு, “இது இதுவரைக்கும் இல்லாதது” என்று தன் பேரைப் போட்டுப் பொறுப்பெடுக்கணும். செக்கிங் டேபிளில் எவ்வளவு மெஷின் வந்தாலும், கடைசிப் பீஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் அக்காவுக்கு வேலை இருப்பது மாதிரி.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், சென்னையில் விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் கடல் உயிரியல் மையம் எல்லாம் இருக்கின்றன. பள்ளிக்கரணை நம் ஊரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம். ஐ.வி.க்கு எங்கே போகலாம் என்று அடுத்த தடவை க்ளாஸில் பேச்சு வந்தால், இந்தப் பேர்களில் ஒன்றையும் சொல்லிப் பாருங்கள்.